வெயிலுக்காக ஓர் ஆட்சேபம்

குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதற்காகப் பாய்க்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். யார் கண்ணிலும் படக் கூடாது என்றே அதைப் போட்டார்கள் என்பது என் எண்ணம். அந்த விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.

ஜனக்புரியில் நாங்கள் வாடகைக்கு இருப்பது தரைத்தள வீடு. குளிர்காலத்தில் அதற்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. பக்கத்து உயரமான வீடுகளின் நிழல் காலையில் எங்கள் வாசலில் விழுந்தால் மாலைவரை அங்கேயே படுத்திருக்கும். என் மகளுக்கு முதல் பிறந்தநாள் முடிந்து பல மாதங்கள் ஆகியும் அவள் எழுந்து நிற்கவில்லை. சோபாவைப் பிடிக்கக் கை நீட்டுவாள், பிறகு என்ன நினைப்பாளோ, உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு வேண்டிய சத்து மிகவும் குறைவாக இருக்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "வீட்டுக்குள்ளயே வெச்சிருக்காதீங்க. தினமும் வெயில்ல போடுங்க" என்றார். கர்ப்ப காலத்தில் நான் ஏதாவது மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டேனா, பிறந்தபின் அதிகம் பொத்திப் பொத்தி வளர்த்தேனா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை இப்போதும் முழுதாகப் போகவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வெயில் எதிரில் இருந்த மைதானத்தில் இருந்தது. மைதானம் என்பது கொஞ்சம் பெரிய சொல். ஒரு வேப்பமரம், உடைந்த சறுக்குமரம், துணிக்கு இஸ்திரி போடுகிறவரின் வண்டி, நடுவில் புல் இல்லாத தரை. ஆனால் தீபாவளி கழிந்து குளிர் ஏறியதும் அந்தத் தெருவின் பெண்கள் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். பாய், கட்டில், பழைய போர்வை, உரிக்க வேண்டிய பட்டாணி, முள்ளங்கி, ஆரஞ்சுப் பழம். நடுப்பகல் தாண்டும்வரை யாருடைய முதுகும் நிழலில் இருக்காது. சூரியன் நகர நகர எல்லாரும் கட்டிலோடு நகர்வார்கள். நானும் பாயோடு நகர்வேன்.

அப்படி நகரும்போதுதான் செய்தித்தாள் மடங்கி அந்தப் பக்கம் மேலே வந்தது. எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. இன்ன நிலத்தின் பயன்பாட்டைப் பூங்காவிலிருந்து வணிகத்துக்கு மாற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் இங்கிலீஷில் போட்டிருந்தது. வடக்கில் இன்ன சாலை, மேற்கில் பள்ளிச் சுவர், தெற்கிலும் கிழக்கிலும் இன்ன இன்ன பிளாக் என்று நான்கு எல்லைகளைக் கொடுத்திருந்தார்கள். தலையைத் திருப்பினேன். வடக்கில் அந்தச் சாலை. மேற்கில் பள்ளிச் சுவர். நான்கு எல்லைக்கும் நடுவில் என் மகள் எண்ணெய்க் கால்களை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் காட்டினேன்.

"ஏங்க, இது நம்ம எதிர் கிரவுண்டுதானே?"

"அப்படித்தான் தெரியுது."

"இவ்வளவு சின்ன எழுத்துல ஏன் போட்டிருக்காங்க? அந்த இடத்துலயே ஒரு போர்டு வெச்சா என்ன?"

"அறிவிப்புன்னா இப்படித்தான் போடுவாங்க. உனக்குப் பால்ல சந்தேகம், ஆட்டோ மீட்டர்ல சந்தேகம், நான் ஆபீஸ்ல இருந்து லேட்டா வந்தா சந்தேகம். இப்ப பேப்பர் எழுத்து மேலயுமா?"

"பழைய பேப்பருங்க இது. குடுத்த நாள்ல பாதி போயிடுச்சு."

"எழுதணும்னா எழுது. உன் பேர்ல எழுது. நான் கவர்ன்மென்ட் கம்பெனில இருக்கேன், என் பேரு எதுலயும் வர வேண்டாம்."

கோபத்தில் சொல்லவில்லை. அது அவர் சுபாவம். ஆனாலும் எனக்கு உறைத்தது. பெயர் போட்டால் ஏதோ வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பஞ்சாபிக்காரர். தண்ணீர் வராவிட்டாலும் நாய் குரைத்தாலும் தெருவே அவரிடம்தான் போகும். எல்லாருக்கும் அவர் அங்கிள்ஜி. மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "அச்சா, அச்சா" என்றார். ஆச்சரியப்படவில்லை. வீட்டுக்கு எதிரில் இருக்கும் நிலம் கைமாறப் போகிறது என்று கேட்ட மனிதர் ஒரு முறையாவது "என்னது?" என்று கேட்க வேண்டாமா? அவர் கேட்கவில்லை. அதை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

"பேட்டி, நீ படிச்ச பொண்ணு. மதராஸிங்க இங்கிலீஷ்ல கெட்டி" என்றார் ஹிந்தியில். பேட்டி என்றால் மகள். "நீயே ஒரு ஃபார்மட் எழுதிக் குடு. நம்ம தெரு வாட்ஸப் குரூப்ல போட்டுடறேன். எல்லாரும் பேரையும் விலாசத்தையும் மட்டும் மாத்தி அனுப்பிடுவாங்க."

"நாங்க வாடகைக்கு இருக்கறவங்க அங்கிள். நாங்க ஆட்சேபம் சொல்லலாமா?"

"ஏன், வெயில் என்ன வீட்டுக்காரங்க மேல மட்டுமா அடிக்குது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தில்லிக்கு வந்த பிறகு, என் படிப்புக்கு வேலை கொடுத்த முதல் ஆள் அவர்தான். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். சட்டத்தில் எந்தப் பிரிவு, நகரத் திட்ட வரைபடத்தில் இந்த நிலத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடித் தேடிச் சேர்த்தேன். முதலில் எழுதியபோது, 'என் மகளுக்கு மருத்துவர் வெயில் காட்டச் சொல்லியிருக்கிறார், எங்களுக்கு வேறு வெயில் கிடையாது' என்று ஒரு வரி இருந்தது. திரும்பப் படித்தபோது அது அழுவது மாதிரி இருந்தது. அலுவலகத்துக்குப் போகும் காகிதத்தில் வீட்டுக் கதை எதற்கு என்று எடுத்துவிட்டேன். மீதி மிகவும் நன்றாக இருந்தது. குரூப்பில் கைகூப்பும் படங்களாகக் குவிந்தன. தெருவில் பெரும்பாலானவர்கள் அதையே அனுப்பினார்கள்.

மாடி வீட்டு அக்காவிடம் மட்டும் நானே நேரில் கொண்டுபோனேன். திருநெல்வேலிக்காரர். கணவர் வங்கியில் இருக்கிறார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இட்லிப் பொடி என்றும் சொதி என்றும் ஏதாவது ஒரு டப்பா மாடியிலிருந்து இறங்கிவரும். இந்த ஊரில் நான் சந்தேகமே படாத ஒரே ஆள் அவர்தான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

"வெச்சுட்டுப் போம்மா. அவுக வரட்டும், கேட்டுட்டுப் போடுதேன்."

பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. நகரத்தின் நடுவில் இருக்கும் அலுவலகத்தில், வேலைநாளில், முற்பகலில். அந்த நேரத்துக்கு யார் வர முடியும்? வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. மைதானத்தில் பட்டாணி உரிக்கும் பெண்களுக்குப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துவர வேண்டும். செயலாளரும், ஓய்வுபெற்ற சிலரும், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் மெட்ரோவில் போனோம். நான் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்திருந்தேன்.

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். வேறு வேறு பேட்டைகளிலிருந்து வந்தவர்கள் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். நீண்ட மேஜைக்குப் பின்னால் அதிகாரிகள். ஓரத்தில் இருந்த குமாஸ்தா எழுந்து, "இவங்களுது எல்லாம் ஒரே வாசகம் சார். ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்து ஒரே ஆட்சேபமா எடுத்தாச்சு. ஒருத்தர் பேசலாம்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது செயலாளர் எழுந்து நின்றிருந்தார்.

தெரு முழுக்க அனுப்பியது ஒன்றாகிவிட்டது. நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்காவிட்டால், ஆளுக்கொரு பிழையோடு, ஆளுக்கொரு மொழியில், ஆளுக்கொரு காரணத்தோடு போயிருக்கும். அத்தனையையும் அவர்கள் தனித்தனியாகப் படித்திருக்க வேண்டியிருக்கும்.

செயலாளர் கைகூப்பியபடியே பேசினார். "நாங்க வளர்ச்சிக்கு எதிரி இல்லீங்க சாப். எங்க தெருவுல வண்டி நிறுத்த இடமில்லைங்கறது நெஜம். கீழ பார்க்கிங், மேல கல்யாண மண்டபம்னு வர்றதா கேள்விப்பட்டோம். குடியிருக்கறவங்களுக்கு முன்னுரிமை குடுத்தீங்கன்னா..."

நான் கையைத் தூக்கினேன். நடுவில் இருந்தவர் பார்த்தார். "மேடம், உங்க பாயிண்ட் வந்துடுச்சு."

"நான் இன்னும் என் பாயிண்டைச் சொல்லலையே சார்."

"எழுத்துல இருக்கே."

எழுத்தில் இல்லை. நான்தான் எடுத்துவிட்டேனே. அதைச் சொல்வதற்குள் அடுத்த பேட்டையைக் கூப்பிட்டுவிட்டார்கள். மகள் என் கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். "என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் குழந்தையின் கால்களைப் பார்த்தார். விசாரணை நடத்தும் முறையையே மாற்றலாமா என்று மேலிடத்தில் பேச்சு நடப்பதாகவும், பொதுமக்களிடம் யோசனை கேட்டிருப்பதாகவும் சொன்னார். "ஃபார்மட் வேண்டாம். இன்னிக்கு உங்களுக்கு என்ன நடந்துதோ அதை மட்டும் எழுதுங்க" என்று அனுப்ப வேண்டிய முகவரியைச் சொன்னார். என் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஓர் அதிகாரி ஏன் வலிய வந்து நல்லவிதமாகப் பேச வேண்டும்? எண் எதற்கு? மெட்ரோ ஏறும்வரை இதையே யோசித்தேன். யோசனை கேட்கிறோம் என்று கேட்டு, யார் யார் தொந்தரவு செய்கிறவர்கள் என்று பார்த்துக்கொள்கிறார்களோ?

வண்டியில் செயலாளர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து எள்ளு மிட்டாய் எடுத்து மகளுக்குக் கொடுத்தார். அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்தேன், வாங்கித் தின்றாள்.

"பேட்டி, கோபமா?"

"ஒரே மாதிரி எழுதினா ஒண்ணாத்தான் எடுப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அங்கிள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? இருட்டும் நம் முகமும்தான். கரோல் பாக் வருவதற்கு முன்பே ரயில் மேலே ஏறிவிடும். வெளிச்சம் உள்ளே விழுந்து மகள் கண்ணைச் சுருக்கிய பிறகுதான் பதில் வந்தது.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அது பதிலா, கேள்வியா என்று வீடு வந்து சேரும்வரை புரட்டிக்கொண்டிருந்தேன்.

எழுதுவதா வேண்டாமா என்று பல நாட்கள் தயங்கினேன். அனுப்பினால் கணவருக்குச் சங்கடம் வருமோ, அனுப்பாவிட்டால் மகளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்யாதவள் ஆவேனோ என்று இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் ஒரு காலை, அவள் வெயிலில் தூங்கும்போது, பாயில் உட்கார்ந்தபடியே கைபேசியில் எழுதினேன். இங்கிலீஷில் தொடங்கினால் மறுபடியும் ஃபார்மட் வந்துவிடும் என்ற பயத்தில், எனக்குத் தெரிந்த ஹிந்தியிலேயே எழுதினேன். அதில் என்னால் அலங்காரம் செய்ய முடியாது.

எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த நிலத்தில் வந்து கேளுங்கள் என்று எழுதினேன். அங்கேயே ஒரு பலகை வையுங்கள், படிக்கிற அளவுக்கு எழுத்தும், தெருவில் இருக்கிறவர்கள் பேசும் மொழியும் அதில் இருக்கட்டும். வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அந்த நிலத்தில் காலையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே வாசகத்தை ஐம்பது பேர் அனுப்பினால், ஐம்பது பேருக்கும் வேறு வாசகம் எழுதத் தெரியவில்லை என்றும் பொருள் இருக்கலாம், கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு என்ன முடிவெடுத்தாலும் ஏன் எடுத்தீர்கள் என்று அதே பலகையில் எழுதுங்கள். அனுப்பிவிட்டு, யார் யாருக்குப் பாடம் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

குளிர் மிகக் கடுமையாக இருந்த நாட்களில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் கால்களில் ஒரு பலகை வந்து நின்றது. பெரிய எழுத்தில், ஹிந்தியில். பரீட்சார்த்தமாக இந்த நிலத்தைப் பற்றிய விசாரணை மறுபடியும் இங்கேயே ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும், யாரும் பேசலாம் என்று. நான் போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். அலுவலகத்தின் முத்திரை இருக்கிறதா என்று பின்பக்கமும் பார்த்தேன். இஸ்திரிக்காரர், "என்ன மேடம், பெயின்ட் காயலையா?" என்று கேட்டார்.

செயலாளர்தான் எல்லாவற்றுக்கும் ஓடினார். நாற்காலி, மைக், தேநீர். "பந்தல் நான் பாத்துக்கறேன்" என்று குரூப்பில் போட்டிருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் மைதானத்தைக் காணோம். சிவப்பும் மஞ்சளுமாகக் கல்யாணப் பந்தல். வேப்பமரத்தின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று பக்கமும் துணி, மேலே துணி. உள்ளே ஈரத்தரையில் கம்பளம். வெளியே அன்று அதிசயமாகப் பனிமூட்டம் விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் எல்லாரும் சால்வைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதிகாரிகள் வந்தார்கள். அந்த இளம் பெண்ணும் இருந்தார். எங்கே இருக்கிறீர்கள், இந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள், என்ன வேண்டும், இவ்வளவுதான் கேள்வி. இஸ்திரிக்காரர், "கட்டடம் வந்தா என் வண்டி எங்க நிக்கும்னு யாராவது சொல்லுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, வேலைக்குப் போகும்போது தன் பிள்ளைகளை விட்டுப்போக வேறு இடமில்லை என்று தமிழும் ஹிந்தியும் கலந்து சொன்னாள். அவளுக்கு இந்தத் தெருவில் விலாசம் கிடையாது. பழைய முறையில் அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்திருக்காது.

அடுத்து மாடி வீட்டு அக்கா எழுந்தார். நான் புன்னகைத்தேன். அவர் என் பக்கம் பார்க்காமல் மைக்கை வாங்கினார்.

"இங்க பார்க்கிங் வேணும்" என்றார். "எங்க வீட்டுக்காரரு போன வருஷம் வண்டி நிறுத்தும்போது சண்டை வந்து ஒருத்தன் அவரைப் பிடிச்சுத் தள்ளிட்டான். மூக்குக்கண்ணாடி உடைஞ்சு புருவத்துல தையல் போட்டோம். அன்னையிலேருந்து சாயங்காலம் அவரு வண்டிய நிறுத்தி ஏறி வர்ற வரைக்கும் நான் பால்கனியிலதான் நிக்கேன். எனக்கு மண்டபம் வேண்டாம். வண்டி நிறுத்த எடம் வேணும்."

அந்தத் தையலை நான் பார்த்திருக்கிறேன். குளியலறையில் வழுக்கியது என்று சொல்லியிருந்தார். இத்தனை நாளும் செயலாளரின் ஒவ்வொரு 'அச்சா'வையும் எடைபோட்டுக்கொண்டிருந்த நான், தலைக்கு மேலே ஒருவர் தினமும் பால்கனியில் நிற்பதைப் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. கையில் பிரிவு எண்கள் எழுதிய காகிதம். விரல்கள் விறைத்திருந்தன. மகள் என் மடியில் குளிருக்கு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்தது வேறு.

"முதல்ல இந்தத் துணியைக் கழட்டச் சொல்லுங்க."

சிரிப்பு எழுந்தது. செயலாளர் பதறி எழுந்தார். "பேட்டி, சாப்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான..."

"கழட்டினா நான் சொல்ல வந்தது தெரியும் அங்கிள். அப்புறம் நான் பேசக்கூட வேண்டாம்."

நடுவில் இருந்த அதிகாரி பந்தல்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்து மேல்துணியைச் சுருட்டிக்கொண்டே போனார்கள். வெயில் கம்பளத்தின் ஓரத்தில் விழுந்து, வரிசை வரிசையாக ஏறி வந்தது. யாரும் சொல்லவில்லை. பெண்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அதற்குள் போனார்கள். ஒரு தாத்தா மஃப்ளரை அவிழ்த்தார். அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். மகள் என் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"இதைத்தான் நான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன். "இவ எலும்புக்கு இது வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். எங்க வீட்டுக்குள்ள இது வராது. நீங்க மேல கட்டினா இங்கயும் வராது." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முடிந்து தேநீர் கொடுக்கும்போது அக்காவிடம் போனேன்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? கையெழுத்துதான கேட்ட." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அழாத. பிள்ளைய இங்க குடு. ஒம் மூக்குதான் முதல்ல ஒழுகுது, பாரு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நானும் அந்த அலுவலகம் மாதிரியே ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு, கேட்டாயிற்று என்று நினைத்திருக்கிறேன். ஆனாலும் மனதின் ஒரு மூலை, அவர் அன்று மைக்கைப் பிடிப்பதற்கு முன்பாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முனகிக்கொண்டுதான் இருந்தது.

செயலாளர் தட்டில் சமோசாவோடு வந்தார். "பாத்தியா பேட்டி, நான் பந்தல் போட்டதாலதான் உன் பேச்சு எடுபட்டுது."

வெயிலை மறைக்கப் போட்டாரா, விருந்தாளி மரியாதைக்குப் போட்டாரா? அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சமோசாவை எடுத்துக்கொண்டேன்.

ஹோலி நெருங்கியபோது பலகையில் முடிவை ஒட்டினார்கள். பள்ளிச் சுவரை ஒட்டி, மேலே எந்தக் கட்டடமும் இல்லாமல், ஒரே வரிசையில் வண்டிகள் நிற்கலாம். மண்டபம் கிடையாது. இஸ்திரி வண்டி மரத்தடியிலேயே இருக்கும். மீதி நிலம் திறந்தவெளியாகத் தொடரும். காரணங்கள் என்று கீழே எழுதியிருந்ததில், குளிர்காலத்தில் குடியிருப்போர் பயன்படுத்தும் வெயில் என்ற சொற்கள் இருந்தன. அலுவலக ஹிந்தியில் வெயிலைப் பார்க்க விநோதமாக இருந்தது. இரண்டு முறை படித்த பிறகு வேறொரு சொல் கண்ணில் பட்டது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஜெயிச்சுட்டியே!"

"இங்க பாருங்க. 'தற்போதைக்கு'ன்னு போட்டிருக்காங்க."

"எல்லா ஆர்டர்லயும் அப்படித்தான் போடுவாங்க."

"அறிவிப்புன்னாலும் அப்படித்தான் போடுவாங்கன்னு சொன்னீங்க."

அவர் அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. பள்ளிச் சுவரோரம் அக்கா வீட்டு வண்டி நிற்கிறது. சாயங்காலம் அவர் பால்கனியில் நிற்பதில்லை. காலையில் பட்டாணிக் கூடையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். இன்ன தேதிக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிற எறும்பு எழுத்துப் பக்கத்தை வரிவரியாகப் படித்து முடித்த பிறகுதான் நான் செய்தித்தாளைப் பாய்க்கு அடியில் விரிக்கிறேன். "படிச்சு முடிச்சியாட்டி, உக்காரலாமா?" என்று அக்கா தினமும் கேலி செய்கிறார். பாயில் நானும் அவரும்தான் உட்காருகிறோம். மகள் அதில் நிற்பதே இல்லை. வேப்பமரத்துக்கும் பலகைக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.